மூன்றாம் ரீல்

பாண்டிச்சேரி கிளப் ஒன்று ஓசியில் தந்த பெட்டி.
மேலே ஒட்டிய சீட்டில் ‘போர்ப் படம், 4 ரீல்’ என்று மட்டும்.
“போர்தானே, நாட்டுப்பற்று வரும், போடு” என்றார்
ஜெயிலர் சவரிராயன்.
எழுபத்து நாலு, மாசியில் ஒரு ஞாயிறு.
வழக்கமாக நான் கொண்டுபோவது
அம்மைத் தடுப்பு, ஆடுதுறை நெல்,
அளவான குடும்பத்தின் சிரித்த நாலு முகம்.

கேப்பர் மலை ஏறுவதற்குள் ஜீப் மூச்சு வாங்கியது.
மலையிலிருந்து பார்த்தால் கடல் தெரியும்.
ஜெயில் முற்றத்திலிருந்து தெரியாது.
எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்த திரையைச்
சமையல்கட்டுச் சுவரில் கட்டினோம்.
அரை டிராயரும் குல்லாவுமாக அறுநூறு பேர்
செம்மண்ணில் குந்தியிருந்தார்கள்.

முதல் ரீல் முழுக்கப் பனி.
“உப்பளமா?” என்றது ஒரு குரல்.
“உப்பளத்துல எதுக்குடா இவ்ளோ கோட்டு?”
சிரிப்பு.
படத்தில் விசில் ஊதியதும்
இங்கே இரண்டிரண்டாக வரிசை நேரானது,
யாரும் சொல்லாமலே.
அங்கே ஒருவன் தெரியாத பாஷையில் எண்ணினான்.
அது எண்ணிக்கை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாம் ரீலில் தோண்டத் தொடங்கினார்கள்.
ரொட்டி அடுப்புக்கு அடியில், கரண்டியால்.
அறுநூறு பேர் இருமாமல் இருந்ததை
நான் அதற்கு முன் கண்டதில்லை.
புரொஜெக்டரின் கடகடப்பு
எனக்கே குற்றம்போலக் கேட்டது.
வார்டர்கள் திரையை விட்டுவிட்டுத்
தரையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மூன்றாம் ரீல்.
சுரங்கத்தில் ஒருவன் தவழ்கிறான்.
கையில் மெழுகுவத்தி, தலைக்கு மேல் வெறும் மண்.
முன்வரிசையில் ஒருவன் பொறுக்கமாட்டாமல் சொன்னான்:
“முட்டு குடுக்காம போறான் பாரு. சரியும்.”
சரிந்தது.
முற்றமே கைதட்டியது.
அவனுக்கா, மண்ணுக்கா, தெரியவில்லை.
ஜெயிலர் எழுந்து என் பக்கம் கையைக் காட்டினார்.
விளக்கை அணைத்தேன்.
வேட்டி வெறும் வேட்டியானது.

சொன்னவன் பெயர் இருசப்பன்.
குறிஞ்சிப்பாடிப் பக்கம் கிணறு வெட்டுகிறவன்.
வரப்புத் தகராறில் ஒரே ஒரு வெட்டு, பதினாலு வருஷம்.
அன்றிரவே தனிக் கொட்டடிக்கு மாற்றிவிட்டார்களாம்,
டிரைவர் காஸ்பர் விசாரித்துச் சொன்னான்.
அவன் தெரிந்த தொழிலைச் சொன்னான்.
நானும் தெரிந்த தொழிலைத்தான் செய்தேன்
என்று சொல்லிக்கொண்டேன்.

மஞ்சக்குப்பம் ஆபீசில் அந்த ராத்திரி
தனியாக நாலாம் ரீலைப் பிரித்தேன்.
கடைசியாகப் பார்த்தவர்கள்
திருப்பிச் சுற்றாமலே வைத்திருந்தார்கள்.
விளக்கைப் போட்டுப் பின்னோட்டமாகவே ஓட்டினேன்.
பனியில் விழுந்து கிடந்தவர்கள் எழுந்தார்கள்.
துப்பாக்கிகள் புகையை உள்ளே இழுத்துக்கொண்டன.
வயல், தண்டவாளம், முள்வேலி என்று
முதுகுப்புறமாகவே ஓடிவந்து
ஒவ்வொருவராகக் குழிக்குள் இறங்கினார்கள்.
மண்ணை எடுத்த இடத்தில் வைத்தார்கள்.
விடியும்போது ரீல் சுற்றி முடிந்திருந்தது.
பெட்டியைப் பாண்டி பஸ்ஸில் போட்டேன்.

எண்பத்து மூன்று, கெடிலம் பாலத்துப் பக்கம்
பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
“நீ வேட்டியில படம் காட்டின ஆளு” என்றான் ஒருவன்.
தலை நரைத்திருந்தது. கை அப்படியே மண்வெட்டிக் கை.
மன்னிப்பு என்று நான் வாயெடுக்க, அவன் விடவில்லை.
உள்ளே அந்தப் படம் ஓயவே இல்லையாம்.
மூணாம் பிளாக்கில் எல்லோரும் தப்பி
ஓ.டி. துறைமுகத்தில் கப்பலேறினார்கள்.
அஞ்சில் ஒருவன் மட்டும் வீடு போய்ச் சேர்ந்தான்,
பெண்டாட்டி கதவைத் திறக்கவில்லை.
ஆறில் ரொட்டிக்காரன் காட்டிக்கொடுத்துவிட்டான்.
“அவனுங்களுக்கு நம்ம சமையல்காரன் மேல காண்டு,
களியில கல்லு.”

தப்பித்தார்களா என்று கேட்பான்,
என்ன சொல்வது என்று தேடிக்கொண்டே இருந்தேன்.
குறிஞ்சிப்பாடி பஸ் வந்துவிட்டது.
படியில் ஒரு காலை வைத்தவன் திரும்பினான்:
“அப்புறமாவது முட்டு குடுத்தானுங்களா?”

“குடுத்தானுங்க” என்றேன்.
பொய் இல்லை.
பலகைகளை ஒவ்வொன்றாக அவர்கள் உருவியதை
நான் பார்த்திருக்கிறேன்.